கண்ணாடிக்காரரின் கணுக்கால்

கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். குழாய் போகிற இடத்துக்கெல்லாம் அவரும் போகவேண்டியதுதான். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பு முறியாத ஊர் உலகத்தில் இல்லை என்பதால் எங்கே போனாலும் வேலை உண்டு. மகள் வேறொரு ஊரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஆக இரண்டு பேர், நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள், ஒரு லாரி. வந்து இறங்கிய பத்தாம் நாளே சன்னல்களுக்குத் திரை மாட்டியாயிற்று. அரசு மருத்துவமனையில் வேலையும் கிடைத்துவிட்டது.

குறை ஒன்றே ஒன்றுதான். மலை.

பழைய ஊரில் பன்னிரண்டு வருடமாக, வருடத்துக்கு மூன்று தடவையாவது, உடன் வேலை செய்த மூன்று பெண்களோடு அவள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதுகில் கூடாரமும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் நடை. வேண்டுதலும் இல்லை, வைத்தியமும் இல்லை. சும்மா நடப்பதுதான். ஒரு நாள் நடந்துவிட்டுத் திரும்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. முதல் நாள் வீட்டையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு நடக்கிறோம். அடுப்பை அணைத்தோமா, அந்த ஆளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று ஆயிரம் யோசனை. இரண்டாம் நாள் காலையில்தான் முதுகில் மூட்டை மட்டும் இருக்கும்.

புது வீட்டின் சமையலறைச் சன்னலைத் திறந்தால் மலை. பச்சையாக, அடுக்கடுக்காக, கை நீட்டினால் தொடலாம் போல நின்றது. அதுதான் வயிற்றெரிச்சல். யாரோடு போவது, எந்த வழியில் போவது என்று ஒன்றும் தெரியவில்லை.

முதலில் போனில் தேடினாள். ஊரில் ஒரு நடைக்குழு இருப்பதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கு வரச் சொன்னார்கள். மூன்று சுற்று நடந்தார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்கள். பிறகு காபி, பிறகு குழுவாக ஒரு போட்டோ. நல்ல மனிதர்கள்தான். ஆனால் மூன்று நாள் நடை என்று அவள் பேச்செடுத்ததும், பக்கத்தில் நின்ற அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மூணு நாளா? அப்போ குளிக்கறது?"

"குளிக்க மாட்டோம்."

அந்த அம்மாள் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

அடுத்தது ஒரு சுற்றுலா நிறுவனம். 'மூன்று நாள் மலைப் பயணம்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு போய் நின்றாள். மற்றவர்கள் சக்கரம் வைத்த பெட்டியோடு வந்திருந்தார்கள். ஜீப்பில் ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய், ஒரு விடுதியில் இறக்கினார்கள். ஜீப்பிலிருந்து கம்பித் தடுப்பு வரைக்கும்தான் நடை. கம்பித் தடுப்பிலிருந்து மறுபடி ஜீப். மூன்று நாளும் இதே கதை. கூடவே ஒலிபெருக்கியில் பாட்டு. வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, "கால் வலிக்குதா?" என்று அக்கறையாகக் கேட்டார் கணவர்.

"காது வலிக்குது" என்றாள்.

வனத்துறை அலுவலகத்துக்கும் போனாள். அங்கே இருந்தவர் "எதுக்கு?" என்று ஐந்து தடவை கேட்டார். சும்மா நடக்கத்தான் என்று ஐந்து தடவையும் சொன்னாள். கடைசியில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். ஒரு மணி நேர நடைபாதை. நடுவில் உட்கார இரண்டு பெஞ்சு, குழந்தைகளுக்கு ஊஞ்சல்.

"சன்னல் வழியாப் பாத்துக்கோயேன். மலை என்ன ஓடியா போயிடப் போகுது?" என்றார் கணவர். அவருக்குத் தட்டைப் பாதம். பால் வாங்கத் தெருமுனை வரை போவதற்கே வண்டிச் சாவியைத் தேடுகிறவர்.

இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை, சக்கர நாற்காலியில் ஒருவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான மனிதர். விரல்களில் மெல்லிய பழைய வெட்டுத் தழும்புகள். இடது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் காலிலிருந்து கழற்றிய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் முதலில் பார்த்தது பூட்ஸைத்தான். இரண்டு தடவை அடிப்பகுதி மாற்றித் தைத்தது. மூக்கில் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. கயிறு புதிது. கடைவீதியில் நடந்தால் பூட்ஸ் இப்படித் தேயாது.

காலைப் பலகையில் வைத்து, மெதுவாகத் திருப்பி, ஈய அங்கியைப் போர்த்திவிட்டு, அடக்க முடியாமல் கேட்டாள்.

"மலையில விழுந்தீங்களா?"

அவருக்கு வலியிலும் ரோஷம் வந்துவிட்டது. "மலையிலயா? முப்பது வருஷமா நடக்கறேம்மா. ஒரு தடவை வழுக்கினதில்ல. கடையில ஸ்டூல்ல இருந்து விழுந்தேன்."

"என்ன கடை?"

"கண்ணாடிக் கடை. சன்னலுக்கு, அலமாரிக்குக் கண்ணாடி வெட்டிப் போடறது. மேல் தட்டுல இருந்து ஒண்ண எடுக்கப் போனேன். கண்ணாடி தப்பிச்சுது, நான் உடைஞ்சேன்."

"மூச்சை இழுத்துப் பிடிக்க வேணாம், காலை மட்டும் ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். படம் விழுந்தது. வெளிப்பக்கத்து எலும்பில் சாய்வாக ஒரு கோடு. நெருக்கமான முறிவுதான், விலகவில்லை. அதையெல்லாம் டாக்டர்தான் சொல்லவேண்டும், அவள் சொல்லக்கூடாது. ஆனால் மற்றதைக் கேட்கலாம் அல்லவா?

"முப்பது வருஷமா எங்க நடக்கறீங்க? ஒரு நாள் நடையா, தங்கி நடக்கறதா?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நீங்க நடக்கறவங்களா?"

தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய மாதிரி இருந்தது அவளுக்கு, அதுவும் முறிந்த காலில். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமையை ஒட்டி அவரும் கடைத்தெருக்காரர்கள் சிலரும் போவது வழக்கமாம். சில சமயம் ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு, வருடத்துக்கு ஒரு தடவை நான்கு. போனில் குழு கிழு எதுவும் கிடையாது. பக்கத்துக் கடை, ஆணிக்கடை. அதன் கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் தேதி எழுதியிருக்கும். வருகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான்.

"அஞ்சு மாசமா தேடறேன்" என்றாள். குரல் அவளுக்கே பரிதாபமாகக் கேட்டது.

"ஆணி வாங்கப் போயிருந்தா முதல் நாளே கிடைச்சிருக்குமே" என்றார் கண்ணாடிக்காரர்.

வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தபோது தலைமை டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். அவர் விதியை நூல் பிடித்த மாதிரி பார்க்கிறவர். "மேடம், கால் எங்க வலிக்குதுன்னு கேளுங்க. அந்தக் கால் எங்கெல்லாம் போச்சுன்னு கேக்காதீங்க."

அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக ஆணிக்கடைக்குப் போனாள். கடைக்குச் சொந்தக்காரி ஐம்பதை நெருங்கும் பெண். கனத்த உடம்பு, கணீர்க் குரல். ஊரே அவளை ஆணிக்கடை அக்கா என்றுதான் கூப்பிட்டது. தராசில் ஆணி நிறுத்துக்கொண்டே, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை கிலோ தூக்குவே?"

"பத்து, பன்னிரண்டு."

"குறட்டை விடுவியா?"

"விடமாட்டேன்."

"நான் விடுவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று சாக்கட்டியை நீட்டினாள்.

சிலேட்டில் இருந்த தேதி அழிக்கப்பட்டிருந்தது. மூன்று பகல், இரண்டு ராத்திரி, மலையின் முதுகோடு போய் மறுபக்கம் இறங்கும் பாதை. அதற்கு வழி தெரிந்தவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். ஆறு வாரம் கட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரத்தில் மழை பிடித்துவிடும். மழை பிடித்தால் ஓடை நிரம்பி, அந்தப் பக்கம் போகவே முடியாது. கட்டுப் பிரிக்கும் தேதியை அக்கா சிலேட்டில் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதற்குக் கீழே அக்கா பெயர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணின் பெயர். மூன்றாவதாக இவள் தன் பெயரை எழுதினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கணுக்காலைப் பற்றி அதன் சொந்தக்காரரைவிட அவளுக்குத்தான் அதிகக் கவலை. இரண்டாவது வாரம் அவர் படம் எடுக்க வந்தபோது முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தாள். வீட்டில் சாப்பிடும்போது, "இன்னும் மேகம் மாதிரி வரணும், வரல" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். கணவர் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"அந்த மேகம் இல்லங்க. எலும்பு கூடும்போது முறிவைச் சுத்தி மேகம் மாதிரி வெள்ளையாத் தெரியும்."

"அடுத்தவர் காலை வெச்சு நீ நாள் எண்ணிட்டு இருக்கே. நல்லாருக்கு!"

அவள் சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனை மாடிப்படிகளில் ஐந்து மாடியும் ஏறி இறங்கினாள். மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப்பையில் அரிசி மூட்டையை வைத்து ஏறினாள். லிப்ட் கெட்டுவிட்டதோ என்று நர்ஸ்கள் பயந்தார்கள். ஆணிக்கடைக்கு அடிக்கடி போனதில் வேன் டிரைவரும் பழக்கமானாள். முப்பத்தைந்து வயது, குள்ளம், பேச்சு நிற்காது. காலையிலும் மாலையிலும் நாற்பது குழந்தைகளோடு கத்திக் கத்தி, காட்டில் வந்தாவது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று மலைக்குப் போக ஆரம்பித்தவள். மூட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறாவது வாரம் வந்தது. கட்டைப் பிரித்து, படம் எடுத்து, இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். மேகம் இருந்தது. ஆனால் கோடும் இருந்தது.

"கொஞ்சம் நல்லாத் தெரியற மாதிரி இன்னொண்ணு எடுங்களேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்படி எடுத்தாலும் இதான் தெரியும்."

டாக்டர் இன்னும் மூன்று வாரம் ஊன்றுகோலோடுதான் நடக்கவேண்டும் என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று.

அன்று மாலை கண்ணாடிக் கடையில் நான்கு பேரும் கூடினார்கள். அவர் காலைத் தூக்கி, தன்னை விழவைத்த அதே ஸ்டூலில் வைத்திருந்தார். சுற்றிலும் சாத்தி வைத்திருந்த கண்ணாடிகளில் எல்லார் முகமும் வாடித் தெரிந்தது.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்களேன்" என்றார் அவர் திடீரென்று.

அக்கா பதறினாள். "அஞ்சு தடவை வந்திருக்கேன். ஆனா உங்க பின்னாடியே வந்தேன். உங்க குதிகால்தான் எனக்குத் தெரியும், வழி எங்க தெரியும்?"

"நான் எழுதித் தர்றேன். மொத்தம் எட்டுத் திருப்பம். அதான் இந்த எக்ஸ்ரேம்மா இருக்காங்களே, பன்னிரண்டு வருஷம் நடந்தவங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டிவைத்தாள். 

கண்ணாடி சுற்றுகிற பழுப்புத் தாளை விரித்து, கண்ணாடியில் குறி போடும் தடிமனான பென்சிலால், கண்ணை மூடி மூடி நினைவுபடுத்திக்கொண்டு எழுதினார். அதில் ஆறாவது திருப்பம் இப்படி இருந்தது: 'புல்வெளியில் சாய்ந்த மரம் ஒன்று வரும். அதற்குப் பின்னால் இடது பக்கம் ஏறவும்.' மூன்றாம் நாள் மறுபக்கத்து அடிவாரத்துக்கு அவரும் வந்துவிடுவதாகச் சொன்னார். காருக்குக் கணவர் ஒப்புக்கொண்டார். நடக்க வேண்டாம், உட்கார்ந்து ஓட்டினால் போதும் என்றதும் அவருக்குச் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், வனக் காவலரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று பெண்களும் ஏற ஆரம்பித்தார்கள். அக்காவின் மூட்டை நடக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் போட்டது.

"உள்ள என்னக்கா?"

"சுத்தி, கொஞ்சம் கம்பி, ரெண்டு கைப்பிடி ஆணி."

"மலைக்கு ஆணி எதுக்கு?"

"ஆணிக்கடையில இருந்து வர்றேன், வெறுங்கையோடயா வருவேன்?"

வேன் டிரைவருக்குப் பாதை வளைகிற இடமெல்லாம் வாயால் ஹாரன் அடிக்கும் பழக்கம். எதிரில் ஓணான்கூட வராது. இருந்தாலும் அடிப்பாள். முதல் இரண்டு திருப்பமும் தாளில் எழுதியபடியே வந்தன. மூன்றாவதில் ஓடை. கல்லில் உட்கார்ந்து ரொட்டியும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டார்கள்.

"அங்கெல்லாம் ஓடையில கல்லு இப்படி வழுக்காது" என்றாள் அவள், பழைய ஊர் மலையை நினைத்து.

கொஞ்ச தூரம் போனதும், "அங்கெல்லாம் பாதைக்கு ரெண்டு பக்கமும் நிழல் இருக்கும்" என்றாள். கூடாரம் போடும்போது, "அங்கெல்லாம் தரை இவ்வளவு கல்லா இருக்காது" என்றாள்.

சுத்தியால் கூடார முளையை அடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "இதோ பாரு எக்ஸ்ரே. இனிமே ஒரு தடவை 'அங்கெல்லாம்'னு சொன்னே, ஓடைக்குப் போய்த் தண்ணி நீதான் கொண்டுட்டு வரணும்."

"நான் எப்ப சொன்னேன்?"

"காலையில இருந்து பதினாலு தடவை. நான் எண்ணிட்டேதான் வர்றேன்" என்றாள் வேன் டிரைவர்.

அன்று மாலை அவள் மூன்று தடவை தண்ணீருக்குப் போனாள். மூன்றாவது தடவை, குடத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்திருந்த ரப்பர் பையை ஓடையில் முக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. புது மருமகளுக்குப் புகுந்த வீட்டுக் குழம்பில் தினமும் உப்புக் கூடியோ குறைந்தோதானே இருக்கும்! நிமிர்ந்து பார்த்தாள். ஓடைக்கு மேலே மரங்களின் நடுவே வானம் செம்பழுப்பாக இருந்தது. பெயர் தெரியாத பறவை ஒன்று, கதவு கீச்சிடுவது போலக் கத்தியது. இதை அவள் வேறெங்கும் கேட்டதில்லை. பையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது தொடையெல்லாம் வலித்தது. மனம் மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. இதற்குத்தானே ஐந்து மாதம் அலைந்தாள்! தேநீர் குடித்துவிட்டு நடந்தார்கள். நான்காவது திருப்பம், ஐந்தாவது திருப்பம், பெரிய பாறை, அதன் அடியில் ஊற்று, எல்லாம் சரியாக வந்தன. பிற்பகல் மூன்று மணிக்குப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்கள். பரந்த புல்வெளி, முழங்கால் உயரத்துக்குப் புல். அக்கா தாளை எடுத்துப் படித்தாள்.

"சாய்ந்த மரம் ஒன்று வரும்."

மூன்று பேரும் பார்த்தார்கள். சாய்ந்த மரம் ஒன்றல்ல, மூன்று இருந்தன. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

முதல் மரத்துக்குப் பின்னால் இடது பக்கம் ஏறிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் பாறைச் சுவர் ஒன்று வழியை மறித்தது. திரும்பி வந்து இரண்டாவது மரம். அது முள்புதரில் கொண்டுபோய் விட்டது. வேன் டிரைவரின் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். மூன்றாவது மரத்தின் பின்னால் சரிவு கீழ்நோக்கி இறங்கியது.

"வந்த வழியே திரும்பிடலாம். தெரிஞ்ச வழி" என்றாள் அக்கா.

"கீழ இறங்கித்தான் பாப்போமே. எங்கயாவது ரோடு வராமயா போயிடும்?" என்றாள் வேன் டிரைவர்.

"ஆழம் தெரியாம காலை விடச் சொல்றியா? எக்ஸ்ரே, நீ சொல்லு."

அவள் வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம்தான். கால்கள் களைத்துவிட்டன. ஊற்று பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது.

"இங்கயே தங்கிடலாம். இருக்கற வெளிச்சத்துல கூடாரம் போட்டு, சாப்பிட்டு, காலையில தெம்பா யோசிப்போம். அப்பவும் தெரியலன்னா வந்த வழியே திரும்பலாம்."

சொன்னதும் இரண்டு பேரும் மூட்டையை இறக்கிவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவளுக்கு என்னவோ போலிருந்தது. அடுப்பு பற்றவைத்து, நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்கும்போது சொல்லிவிட்டாள்.

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? பன்னிரண்டு வருஷம் நடந்தேன்னு சொன்னேனே, ஒரு நாள்கூட நான் முன்னாடி நடந்ததில்ல. வழி பாக்கறது, எங்க தங்கறதுன்னு முடிவு பண்றது எல்லாம் எங்க லேப்ல இருந்த ஒரு அக்காதான். நானும் அவங்க பின்னாடி நடந்தவதான்."

 அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்போ குதிகாலை மட்டும் பாத்த மூணு பேர் சேர்ந்து மலையேறி வந்திருக்கோம்!"

"எங்க வேன்ல இருக்கற நாற்பது பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா என்னை மதிக்குமா?" என்றாள் வேன் டிரைவர். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நூடுல்ஸ் குழைந்துபோயிற்று. அதையும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே அவள் எதிர்ச் சரிவைப் பார்த்தாள். பிற்பகலில் ஒரே பச்சையாக, தட்டையாகத் தெரிந்த சரிவு இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் ஒவ்வொரு புல்முனைக்கும் நிழல் இருந்தது. அந்த நிழல்களுக்கு நடுவே தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு, சரிவில் குறுக்காக ஏறிப் போயிற்று.

முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியாத முறிவு, காலைக் கொஞ்சம் திருப்பி எடுத்தால் தெரியும். அவள் தினமும் செய்கிற வேலைதான் அது.

"அக்கா, அங்க பாருங்க. கோடு தெரியுதா?"

"எங்க? புல்லுதான் தெரியுது."

"புல்லைப் பாக்காதீங்க. கண்ணைச் சுருக்கிட்டு மொத்தமாப் பாருங்க."

"அட, ஆமா!" என்று முதலில் கத்தியவள் வேன் டிரைவர்தான்.

அந்தக் கோடு மூன்று மரங்களில் எதனிடமிருந்தும் தொடங்கவில்லை. கொஞ்சம் தள்ளி, புல் மேடாக இருந்த இடத்திலிருந்து தொடங்கியது. இருட்டுவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அது மேடு இல்லை. புல் மூடிக் கிடந்த ஒரு பெரிய மரம். போன வருடம் சாய்ந்திருந்த மரம் இந்த வருடம் முழுதாகவே படுத்துவிட்டிருந்தது. அதன் பின்னால் இடது பக்கம் ஒற்றையடிப் பாதை ஏறியது. ஐம்பது அடி போனதும் நான்கைந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேல் கல்லை அக்கா தூக்கிப் பார்த்தாள். அடியில் முனை மழுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுக்கு.

"இது நம்ம கண்ணாடிக்காரர் கடைச் சரக்குல்ல?" என்றாள் அக்கா. எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றைக்கு அக்கா விட்ட குறட்டை யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நடை சுகமாக இருந்தது. மலையின் முதுகில் ஏறியதும் இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு பக்கம் அவர்கள் ஊர், தீப்பெட்டிகளைக் கொட்டிய மாதிரி. மறுபக்கம் அவள் பார்த்தே இராத ஏரி ஒன்று, அதற்கு அப்பால் இன்னும் மலைகள். காற்று பலமாக அடித்தது. முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நடந்தார்கள். அவள் முறை வந்தபோது முன்னால் யாருமே இல்லாத பாதை முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நிமிடத்தில் கூச்சம் போய், கைகளை வீசி நடந்தாள். ஏழாவது திருப்பத்திலும் எட்டாவது திருப்பத்திலும் கற்குவியல்கள் இருந்தன. தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றின் அடியில் நீலம், ஒன்றின் அடியில் சிவப்பு.

மாலை நான்கு மணிக்கு அடிவாரத்தில் இறங்கியபோது பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் கணவரும் கண்ணாடிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வழி தப்புனீங்க?" என்று கேட்டார். கேட்ட தோரணையில், தப்பியிருந்தால் தேவலை என்கிற ஆசை கொஞ்சம் இருந்தது.

"ஆறாவதுல. உங்க மரம் படுத்துடுச்சு" என்றாள் அவள்.

"படுத்துடுச்சா! அப்புறம் எப்படி வந்தீங்க?"

நடந்ததைச் சொன்னாள்.  "நானா இருந்தா அந்த முள்ளுக்குள்ளயே ரெண்டு மணி நேரம் சுத்தியிருப்பேன்" என்றார் அவர்.

அக்கா விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். கல்லுக்கு அடியில கண்ணாடி வெச்சிருக்கீங்களே, எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவர் முகம் சிவந்துவிட்டது. ஊன்றுகோலின் ரப்பர் முனையால் மண்ணைக் கிளறினார். "உங்களுக்கு வெச்சதில்ல. எனக்கே வழி மறந்துடுமோன்னு ஒவ்வொரு வருஷமும் பயம். நீங்கல்லாம் நம்பிப் பின்னாடி வர்றீங்களே. அதான் யாருக்கும் தெரியாம வெச்சுட்டு வந்தேன்."

"முப்பது வருஷமாவா?" என்றாள் வேன் டிரைவர்.

"முப்பது வருஷமா."

 அக்கா மூட்டையிலிருந்து, மிச்சமிருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து உரித்து அவர் கையில் கொடுத்தாள். "தின்னுங்க. எலும்பு கூடட்டும்."

பிறகு அவர் பையிலிருந்து தடிமனான பென்சிலை எடுத்து, பழுப்புத் தாளை முழங்காலில் விரித்துவைத்து, ஆறாவது திருப்பத்தை அடித்துவிட்டு, எப்படி எழுதுவது என்று அவளிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். சாயங்கால வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கணவர் அவள் முதுகிலிருந்து மூட்டையை வாங்கித் தூக்கிப் பார்த்து, மலைத்துப்போய்க் கீழே வைத்தார். "இதையா மூணு நாள் தூக்கிட்டு நடந்தே?"

"முதல் நாள்தான் கனம்."

"இவர் காலையில பத்து மணிக்கே என்னை இங்க இழுத்துட்டு வந்துட்டார், தெரியுமா? கண்ணை அந்த மலையை விட்டு எடுக்கவே இல்ல. நடுவுல நம்ம பாத்ரூம் சன்னலுக்கு எந்தக் கண்ணாடி போடறதுன்னு வேற பாடம்" என்றார் கணவர். அலுத்துக்கொண்டாலும் அவருக்கும் அந்த நாள் பிடித்திருந்தது என்று குரலில் தெரிந்தது.

காரில் முன் இருக்கையைக் காலுக்காகக் கண்ணாடிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பெண்களும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். புகையும் வேர்வையும் புல்லும் கலந்த வாசனை தாங்காமல் கணவர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். வேன் டிரைவர் ஏறியதும் தூங்கிவிட்டாள். அக்கா இரண்டாவது வளைவில் குறட்டையை ஆரம்பித்தாள். அவளுக்கும் கண் செருகியது. குதிகாலில் ஒரு கொப்புளம் இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு டூட்டி. அதைப் பற்றி நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

"அடுத்தது எப்போ?" என்று கணவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

கண்ணாடிக்காரர் விரல்விட்டு எண்ணினார். மழைக்கு முன்னால் இரண்டு ராத்திரிப் பாதை ஒன்று இருக்கிறது, ஏரிப் பக்கம், நல்ல சமதரை, அதற்குள் தன் காலும் சரியாகிவிடும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வழி தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொன்னார்.

"பரவால்ல. சேர்ந்து தேடிக்கலாம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.